சாதா எஞ்சின், டர்போ எஞ்சின்: கலவையைப் பார்ப்பது எப்படி?

சிராங்கூன் பக்கம் உள்ள கார்நிறுத்தங்களில் இந்த இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீங்க: ஒரு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.6, ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1.4 டிஎஸ்ஐ. இரண்டுக்கும் சக்தி ஏறக்குறைய 90 கிலோவாட். சிஓஇ ‘ஏ’ பிரிவுக்கு 1600 சிசி வரம்போடு 97 கிலோவாட் வரம்பும் 2014 பிப்ரவரியில் சேர்ந்தது; அதற்குள் இரண்டுமே அடங்கும். ஆனால் ஆல்டிஸ் தானாகவே காற்றை இழுக்கும் சாதா எஞ்சின். கோல்ஃபில் டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. பழைய வண்டி வாங்கும் நண்பர்கள் பலர் இப்போ ஒரு ஓபிடி ரீடரைச் சொருகி, போனில் எண்களைப் பார்க்கிறாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா ஒரே எண் இந்த இரண்டு வண்டியிலும் ஒரே பொருளைத் தராது.

முதலில் அடிப்படை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தச் சரியான அளவுக்கு லாம்டா 1 என்று பெயர். 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், ‘ரிச்’. மேலே போனால் காற்று அதிகம், ‘லீன்’. புகைக்குழாயில் இருக்கும் லாம்டா சென்சார், எரிந்து வரும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வைத்து இதைக் கண்டுபிடிக்கிறது. போஷ் நிறுவனம் செய்த இந்த சென்சார் 1976-ல் வோல்வோ கார்களில் முதலில் வந்தது.

பழைய வகை சென்சார், குழம்பை ருசி பார்க்கும் ஆள் மாதிரி. உப்பு கூட, உப்பு குறைவு என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம் தாவும், அவ்வளவுதான். ‘வைட்பேண்ட்’ சென்சார்தான் அளவையும் சேர்த்துச் சொல்லும்.

சாதா எஞ்சினுக்குப் பழைய வகையே பெரும்பாலும் போதும். பெடலை முழுசா மிதித்தாலும் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றை, அதாவது சுமார் 100 கிலோபாஸ்கலை, தாண்டாது. நம்ம ஊரில் அதிலும் கொஞ்சம் நஷ்டம் உண்டு: 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த அழுத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வெறும் நீராவி. முழு பெடலில் லாம்டா 0.87 இருக்க வேண்டிய இடத்தில் 0.92 ஆனால், பொதுவாக இழுவைதான் கொஞ்சம் குறையும்.

டர்போவில் கதை வேறு. 32 டிகிரியில் நுழைந்த காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதைத் தணிக்கணும். தீபாவளி விளக்குகளுக்குக் கீழே சிராங்கூன் சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்த வண்டியில் இன்டர்கூலரே சூடாகிக் கிடக்கும். அந்த நிலையில் சிடிஇ-க்குள் நுழைந்து பெடலை அமுக்கினால், நெருக்கிய சூடான கலவை, தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேரும் வரை காத்திராமல் தானே வெடிக்கப் பார்க்கும். அதுதான் ‘நாக்கிங்’. இதைத் தடுக்க பல டர்போ எஞ்சின்கள் முழு சுமையில் லாம்டாவை 0.8-லிருந்து 0.9-க்குள் இறக்கும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அது கிடைக்காமல் போனால் பிஸ்டன் தலை உருகலாம். இப்போ புரியும், 0.9 வோல்ட் மட்டும் காட்டும் மலிவான விளக்கு மீட்டர் ஏன் டர்போவில் வீண் என்று. விகிதம் 12 இருந்தாலும் 13 இருந்தாலும் அது அதே பச்சை விளக்கைத்தான் காட்டும்.

அடுத்தது ‘ஃபியூல் டிரிம்’. சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குது என்பதே இந்த எண். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள சாதா எஞ்சினில், அதற்குப் பின்னால் குழாயில் கீறல் விழுந்தால், அளக்காத காற்று உள்ளே நுழையும். எஞ்சின் சும்மா ஓடும்போது டிரிம் +15, +20 என்று ஏறும். வேகம் கூடினால் இறங்கிவிடும். டர்போவில் மேனிஃபோல்டு பக்கம் அதே கீறல் இரண்டு வேஷம் போடும். சும்மா ஓடும்போது காற்றை உள்ளே இழுத்து டிரிமைக் கூட்டும். பூஸ்ட் ஏறியதும் அளந்த காற்றையே வெளியே தள்ளும். கணினி இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றும். கலவை ரிச் ஆகி, டிரிம் மைனஸில் போகும். டர்போவுக்கும் திராட்டிலுக்கும் நடுவில் உள்ள குழாய் விட்டுப்போனால், சும்மா ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, பூஸ்டில் மட்டும் தெரியும். (சில டர்போக்களில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது, அழுத்த சென்சார் மட்டும். அங்கே இந்தக் குழாய் கசிந்தால் கலவை மாறாது. டர்போதான் மூச்சு வாங்கும்.)

அதனால் டர்போ வண்டியை நிறுத்தி வைத்து மட்டும் எண் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்லாதீங்க. வண்டிச் சோதனையிலும் இதே குறைதான். மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பத்து ஆண்டைத் தாண்டினால் வருஷா வருஷம் போகிறோம். அங்கே பெட்ரோல் காரின் புகையை, சுமை இல்லாமல் நிற்கும் நிலையில்தான் அளக்கிறாங்க. அதில் தேறிய வண்டிக்குப் பூஸ்டில் பெட்ரோல் பம்ப் போதாமல் இருக்கலாம்.

ரீடரில் இரண்டு எண்களை ஒன்றாகப் பதிவு பண்ணுங்க: கணினி கேட்ட லாம்டா, கிடைத்த லாம்டா. போன் பக்கத்தில் உட்காரும் நண்பர் கையில் இருக்கட்டும். ஓட்டும்போது ஓட்டுபவர் போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால் குற்றம். கார்பார்க்கில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்து படிப்பதும் இங்கே குற்றம்தான். எஞ்சின் சூடான பிறகு ஒரு சீரான ஓட்டம், அப்புறம் வேக வரம்புக்குள் சில விநாடி முழு பெடல். கேட்டது 0.85, கிடைத்தது 0.86 என்றால் கவலை இல்லை. கேட்டது 0.85, கிடைத்தது 0.97 என்றால் உடனே காலை எடுங்க. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் வொர்க்‌ஷாப்பில் பார்க்கச் சொல்லுங்க. முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்து பூஸ்டை ஏற்றி வைத்தாரா, அதை 98 பெட்ரோலுக்கு என்று செய்தாரா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுடுங்க. நீங்க 95 ஊற்றினால் நாக்கிங்குக்கு அதுவே போதும்.