நோயுற்ற பூனையும் ஓர் அமானிதமே

பூனையொன்றை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகடித்த பெண், அதற்காகத் தண்டனைக்கு உள்ளானாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். பிடித்து வைத்தவள் பொறுப்பைக் கைவிட்டதே அவள் குற்றம். காப்பகத்திலிருந்து நோயுற்ற பூனையை வீட்டிற்குக் கொண்டுவர எண்ணுவோர் முதலில் சிந்திக்க வேண்டியது இதுவே. இரக்கம் ஒரு நொடியில் பிறந்துவிடும். பராமரிப்போ நாள்தோறும் செய்ய வேண்டியதாகும்.

நீரிழிவுள்ள பூனையை எடுத்துக்கொள்வோம். மிகுதியாக நீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் மெலிதல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். அதனை ஏற்குமுன் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. நேரம்: பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கொரு முறை இன்சுலின் ஊசி போட வேண்டும். காலை 7 மணிக்குக் கடை திறக்குமுன் ஒன்று. மாலை 7 மணிக்கு, மஃரிபை ஒட்டி மற்றொன்று. இது நம் வணிகர்களால் இயலக்கூடியதே. ஆனால் நாம் ஊருக்குப் போகும் மாதத்தில் ஊசி போடுபவர் யார்?

2. ஆபத்து: பூனை உண்ணாத வேளையில், மருத்துவரைக் கேளாமல் வழக்கமான அளவை ஏற்றலாகாது. இரத்தச் சர்க்கரை தாழ்ந்து பூனை தள்ளாடினால், ஈறில் சிறிது தேனைத் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க.

3. மருந்து: கால்நடை மருத்துவத்தில் வழங்கும் இன்சுலினில் ஒருவகை பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படும் கிளார்ஜின் போன்றவையும் பூனைகளுக்குப் பயன்படுகின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. ஐயமிருப்பின் ஆலிம்களிடமும் தெளிவு பெறுக.

4. சட்டம்: சிங்கப்பூரில் வீவக வீடுகளில் இருந்த தடை நீங்கி, 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள் வரை வளர்க்க இடமுண்டு. உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை.

தொடக்கத்திலேயே முறையாக மருத்துவம் பார்த்தால், சில பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதுண்டு. எனினும் அதனையே நம்பி இறங்கலாகாது.

சரக்கு வாங்குமுன் கணக்குப் பார்க்கும் நாம், ஓர் உயிரை ஏற்குமுன் பாராதிருக்கலாமா? ஊசி, தீவனம், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் மாதச் செலவை எழுதிப் பார்ப்போம். இயலுமாயின் ஏற்போம். இயலாதாயின் அதில் வெட்கமில்லை. காப்பகத்தின் மருந்துச் செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகை அளிப்போம். ஏற்றுக்கொண்டபின் மட்டும் கைவிடலாகாது.