கொல்லங்கோட்டு அரண்மனைகள் கை மாறிய கதை

கேள்வி: பொள்ளாச்சி எல்லையைத் தாண்டியதும் வரும் கொல்லங்கோட்டு அரண்மனை இப்போது யார் கையில் இருக்கிறது?

பதில்: நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், நெல்வயல் சூழ நிற்கும் அந்தக் கோவிலகம் (அரண்மனை) வேங்ஙநாட்டு அரச குடும்பத்துடையது. 1956 வரை அந்தப் பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம்; அதன் பிறகு கேரளம்.

குத்தகை நெல்தான் இத்தகைய வீடுகளின் உயிர்நாடி. 1970 ஜனவரி 1 முதல் கேரள நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையையே ஒழித்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது, அது நியாயம். ஆனால் வருமானம் நின்ற வீட்டில் ஓடு மாற்றவும் உத்தரத்தைக் கரையான் அரிக்காமல் காக்கவும் பணம் ஏது?

இன்று அங்கே கொச்சியைச் சேர்ந்த சிஜிஎச் எர்த் நிறுவனம் ‘களரி கோவிலகம்’ என்ற ஆயுர்வேத சிகிச்சை இல்லத்தை நடத்துகிறது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். இறைச்சி, மது இரண்டும் கிடையாது. விடுதியான பிறகும் வீட்டின் ஆசாரம் போகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

இதே கொல்லங்கோட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த வாசுதேவ ராஜா 1904இல் திருச்சூரில் கட்டிய மாளிகைக்கு வேறு வழி பிறந்தது. 1975இல் தொல்லியல் துறை அதை எடுத்துக்கொண்டது; இப்போது அது சுவரோவிய அருங்காட்சியகம்.

சிகிச்சைக்குப் போகாதவர்கள் திருச்சூர் மாளிகையையாவது அவசியம் பார்த்துவிடுங்கள்.