எரிவாயு அடுப்பு

போடிநாயக்கனூரை அடுத்துள்ள மலையடிவாரச் சிற்றூர் சிலமலை. இத்தகைய ஊர்களில் விறகுப் புகையால் கண்ணும் நெஞ்சும் நொந்த பெண்டிர்க்கு எரிவாயு அடுப்பு பெருந்துணையாயிற்று. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழையர் இல்லங்களுக்கும் அவ்விணைப்பை வழங்கிற்று.

அடுப்பைத் தேர்ந்து வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என நோக்குதல் வேண்டும். அடுப்பை மேடைமேல் அமைத்து, 14.2 கிலோ வாயு கொள்ளும் உருளையைக் கீழே நிமிர்த்தி நிறுத்துக. பள்ளத்தில் வைத்தல் ஆகாது. ஏனெனில், இவ்வாயு காற்றினும் கனமுடையது. கசிந்தால் தரையிற் படிந்து தேங்கும். இயல்பில் மணமற்ற இதனுள், கசிவை உணர்த்தும் பொருட்டே நெடிப்பொருள் கலக்கப்படுகிறது.

நெடி வீசின், மின்பொத்தான் எதனையும் தொடாது உருளையை மூடிச் சாளரங்களைத் திறக்க. பொத்தானில் எழும் சிறுபொறியே பெருந்தீயாகலாம். அறிந்து ஆள்வோர்க்கே நெருப்பு ஏவல் செய்யும்.