சறுக்குத் தக்கையும் நகரும் படகும்

குளத்தங்கரையில் தூண்டில் போடுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, முள், முள்ளுக்குச் சற்று மேலே ஓர் ஈயக் குண்டு, நரம்பில் கட்டிய நெட்டித் துண்டு அல்லது மயிலிறகுத் தண்டு. இந்தத் துண்டுக்குத்தான் தக்கை என்று பெயர். இரை எந்த ஆழத்தில் தொங்க வேண்டும் என்பதைத் தக்கை நிர்ணயிக்கிறது. மீன் இரையைத் தொட்டவுடன் நமக்குச் செய்தியும் சொல்கிறது.

இதே தூண்டிலுடன் கொடைக்கானல் ஏரியில் படகேறுவோம். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் உள்ள இந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரைக் கலெக்டராயிருந்த சர் வீர் ஹென்றி லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில் கரை கட்டி உண்டாக்கியது. இதில் விடுவதற்கு முதற் படகை அவர் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். ஏரியின் சராசரி ஆழம் சுமார் 3 மீட்டர். அடியில் சேறும் நீர்ப்பாசியும் உண்டு. சேற்றைக் கிளறி இரை தேடும் சாதாக் கெண்டை இங்கே வாழ்கிறது. ஆகவே இரை அடிமட்டத்துக்கு அருகே தொங்க வேண்டும். ஆனால் பாசியில் சிக்கவும் கூடாது. 3 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 2.7 மீட்டர் ஆழத்தில் தொங்கினால் சரி.

இங்கேதான் சங்கடம். உங்கள் கழியின் நீளம் 2 மீட்டர். தக்கையை முள்ளிலிருந்து 2.7 மீட்டர் தள்ளிக் கட்டிவிட்டால், அவ்வளவு நரம்பும் கழி நுனியிலிருந்து தொங்கும், வீசுவது கடினம். மீன் மாட்டியபின் சுற்றி இழுத்தாலும் தக்கை கழி நுனியில் இடித்து நின்றுவிடும். மீனோ இன்னும் 2.7 மீட்டர் தள்ளித் துள்ளிக்கொண்டிருக்கும்! அதை எட்டிப் பிடிக்கப் படகில் எழுந்து நின்றால் படகு கவிழலாம்.

இதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. தக்கையைக் கட்டாதீர்கள். அதன் நடுவே துளையிட்டு நரம்பைக் கோத்து, தாராளமாக ஓடும்படி விட்டுவிடுங்கள். முள்ளிலிருந்து 2.7 மீட்டர் தொலைவில் நரம்பின்மேல் ஒரு நூலால் இறுக்கமாக முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கும் தக்கைக்கும் இடையே ஒரு சிறு பாசிமணி இருக்கட்டும். முடிச்சு கழியின் வளையங்களில் நுழைந்து ரீலில் சுற்றிக்கொள்ளும்; பாசிமணியின் துளையில் மட்டும் நுழையாது. வீசும்போது தக்கை சறுக்கி வந்து குண்டின் அருகே இருக்கும். நீரில் விழுந்ததும் குண்டு நரம்பைத் தக்கை வழியே இழுத்துக்கொண்டு இறங்கும். முடிச்சு மணியில் முட்டியதும் இறக்கம் நின்றுவிடும். கழி எவ்வளவு குட்டையானாலும் கவலையில்லை.

தக்கை எவ்வளவு அமிழும்? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு கணக்கிடுவோம். தக்கையின் கன அளவு 10 க.செ.மீ., எடை 2 கிராம். குண்டுக்குப் பதில் 6 கிராம் எடையுள்ள ஓர் இரும்பு நட்டைக் கட்டியிருக்கிறோம் (காரணம் பின்னால்). இரும்பின் அடர்த்தி 7.8, ஆகவே நட்டு இடம்பெயர்க்கும் நீர் சுமார் 0.8 க.செ.மீ. நீருக்குள் அதன் எடை 5.2 கிராம்தான். தக்கை தாங்க வேண்டியது 2 + 5.2 = 7.2 கிராம். எனவே 7.2 க.செ.மீ. அமிழும், 2.8 க.செ.மீ. வெளியே தெரியும். மீன் கீழ்நோக்கி 2.8 கிராம் எடையளவு இழுத்தாலே தக்கை முழுதும் மூழ்கிவிடும். கெண்டை சில சமயம் இரையை வாயில் கவ்வி மேலெழும்பும். அப்போது நட்டின் பாரம் தக்கையை விட்டு நீங்குவதால் தக்கை விருட்டென்று உயரும். தக்கை மூழ்கினால்தான் மீன் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியைக் கோட்டை விடுவார்கள்.

மலைமேல் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாயிற்றே, தக்கை வேறுவிதமாக மிதக்காதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மிதப்பு விசையை முடிவு செய்வது நீரின் அடர்த்தி. காற்றழுத்தம் குறைவதால் அது சொல்லத்தக்க அளவு மாறுவதில்லை. எனவே தக்கையும் மாறாது.

அடுத்து, துடுப்பை நிறுத்திவிட்டுப் படகைக் காற்றின் போக்கில் விடுவோம். நீருக்குமேல் எடுப்பாக நிற்கும் படகைக் காற்று நன்றாகத் தள்ளும். பெரும்பகுதி அமிழ்ந்த தக்கையை அவ்வளவு தள்ளாது. படகு வினாடிக்கு 0.3 மீட்டரும் தக்கை 0.1 மீட்டரும் நகர்வதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 12 மீட்டர் இடைவெளி விழும். நரம்பை விட்டுக்கொடுக்காமல் பிடித்திருந்தால் படகு தக்கையை இழுக்கும்; கீழே தொங்கும் நட்டு நீரின் தடையால் பின்தங்கும்; நரம்பு சாய்ந்துவிடும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால், 2.7 மீட்டர் நரம்பு 2.7 × 0.866, அதாவது 2.3 மீட்டர் ஆழத்துக்கே எட்டும். கெண்டையின் தலைக்குமேல் 40 செ.மீ. உயரத்தில் இரை பறந்துபோகும்! ஆகையால் காற்று வரும் பக்கமாகத் தக்கையை வீசி, படகு விலக விலக ரீலிலிருந்து நரம்பை விட்டுக்கொண்டே வர வேண்டும். தக்கையைப் பொறுத்தவரை அப்போது படகே இல்லை.

ஈயம் ஏன் வேண்டாம்? அறுந்து விழும் ஈயக் குண்டுகளைக் கூழாங்கல் என்றெண்ணி விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிகின்றன. அன்னங்கள் இப்படி இறந்ததால் பிரிட்டன் 1987-இல் சிறு ஈயக் குண்டுகளைத் தூண்டிலில் பயன்படுத்தத் தடை விதித்தது. கொடைக்கானல் ஏரிக்கு உலோக நஞ்சு புதிதன்று. ஊரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-இல் மூடப்பட்டது. ஏரி மீன்களில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இதற்குமேல் ஈயத்தையும் நாம் சேர்க்க வேண்டுமா? ஏரியில் தூண்டில் போடுமுன் அனுமதி பெறுங்கள். படகில் மிதவைச் சட்டை அணியுங்கள்.

ஏரிக்குப் போக முடியாதவர்கள் ஒரு வாளி நீரில் தக்கையையும் நட்டையும் மிதக்கவிட்டு மேற்கண்ட கணக்கைச் சரிபார்க்கலாம். பிறகு இதையும் கணக்கிடுங்கள்: அதே தக்கையையும் நட்டையும் தூத்துக்குடிக் கடலில் போட்டால், அங்கே நீரின் அடர்த்தி 1.025 என்று கொண்டால், எத்தனை க.செ.மீ. வெளியே தெரியும்?