12,000 ரூபாய் பெர்ஃப்யூம்: 900 ரூபாயில் டெஸ்ட் பண்ணிப் பாருங்க

கடையில பேப்பர் துண்டுல முகர்ந்து பார்த்துட்டு 100 மில்லி பாட்டிலுக்கு 12,000 ரூபாய் கொடுக்குறீங்களா? அந்த டாப் நோட் வாசனை பெரும்பாலும் அரை மணி நேரத்துல பறந்துடும். சாயங்காலம் வரைக்கும் தோல்ல நிக்கிறது பேஸ் நோட்தான்.

அதுக்குத்தான் டிகேன்ட். பெரிய பாட்டில்ல இருந்து 5 மில்லி, 10 மில்லின்னு சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல மாத்தி விக்கிறது. 5 மில்லி 900 ரூபாய்னு வச்சுக்கோங்க. மில்லிக்கு 180 ரூபாய். முழு பாட்டில்னா 120தான். "அப்போ நஷ்டமாச்சே"ன்னு தோணும். ஆனா ஒரு ஸ்ப்ரே சுமார் 0.1 மில்லி. 50 ஸ்ப்ரே, தினம் நாலுன்னா 12 நாள். வெயில், ஏசி ரெண்டுலயும் போட்டுப் பார்த்துடலாம். பிடிக்கலைன்னா போறது 900தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரிஜினல் பாட்டிலோட பேட்ச் கோட் போட்டோ கேளுங்க. தர மறுத்தா அந்த ஆள் வேண்டாம்.

பிடிச்சே போச்சா? அப்பவும் 30 மில்லி கிடைக்குதான்னு பாருங்க. நாலு பெர்ஃப்யூமை மாத்தி மாத்தி போடுறவருக்கு ஒரு 100 மில்லி காலியாக ஏறக்குறைய மூணு வருஷம் ஆகும்.