வெயிலும் முதலுதவியும்

பங்குனித் திங்கள் பிறந்ததும் தமிழ்நாட்டில் வெயில் தன் வன்மையைக் காட்டத் தொடங்குகிறது. மே மாதம் 4ஆம் நாளை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி, கரூர் முதலிய ஊர்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது புதிதன்று. நிழலில் இருப்போர் விசிறியும் மோரும் கொண்டு அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால், கழனியிலும் செங்கற்சூளையிலும் சாலைப் பணியிலும் உழைப்போர்க்கு அவ்வெயிலே உயிர்ப்பகை ஆவதுண்டு. அத்தகைய வேளையில், மருத்துவ உதவி வந்து சேரும்வரை அருகிலிருப்போர் செய்யும் முதலுதவியே உயிரைக் காக்கிறது.

மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகையாகும். புறத்தே எவ்வளவு வெயில் காய்ந்தாலும் உடல் இந்நிலையிலேயே நிற்க முயல்கிறது. தோலின் கீழுள்ள குருதிக் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியேற்றுகின்றன. வியர்வை சுரந்து, அஃது ஆவியாகும்போது உடலைக் குளிர்விக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாவதால் பானைநீர் குளிர்வதைப் போன்றதே இது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானைநீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில், வெப்பமானி காட்டும் அளவு குறைவாயினும், வெயிலின் துன்பம் மிகுவதற்கும் இதுவே காரணம்.

வெப்பத்தால் வரும் துன்பத்தை மூவகையாகக் கூறலாம். முதலாவது, தசைப்பிடிப்பு. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேற, காலிலும் வயிற்றிலும் தசைகள் இழுத்துப் பிடித்து வலிக்கும். வேலையை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, நீர் பருகி, பிடித்த தசையை மெல்ல நீட்டிவிட்டால் வலி தணியும்.

இரண்டாவது, வெப்பச் சோர்வு. வியர்வை பெருகும், தலை வலிக்கும், மயக்கமும் குமட்டலும் தோன்றும், நாடி விரைந்து துடிக்கும். ஆயினும் அறிவு தெளிவாக இருக்கும். இத்தகையவரை நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்றே உயர்த்தி, இறுகிய ஆடைகளைத் தளர்த்தவேண்டும். ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறவேண்டும். பருகுவதற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் தூய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து சேர்த்தல் போதுமானது. அரைமணி நேரத்திற்குள் நலம் காணாவிடில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

மூன்றாவது, வெப்பத்தாக்கு. இதுவே யாவற்றினும் கொடியது. உடலின் வெப்பம் 40 பாகையைக் கடந்து, மூளை முதலிய உறுப்புகள் கெடத் தொடங்கும். வியர்வை நின்று தோல் வறண்டிருப்பதே இதன் குறி என்று பலர் கருதுவர். அது முற்றிலும் சரியன்று. கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தவர்க்கு வியர்வை வழிந்துகொண்டே வெப்பத்தாக்கு வருவதுண்டு. அறிவு தடுமாறுவதே பிழையாத குறியாகும்.

செங்கற்சூளை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். நண்பகலில் கல் சுமந்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தள்ளாடுகிறார். கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றி விடை கூறுகிறார், நாக்குக் குழறுகிறது. "குடித்திருக்கிறார் போலும், சற்று உறங்கினால் தெளிந்துவிடும்" என்று சொல்லி மற்றவர்கள் தம் வேலைக்குத் திரும்புகின்றனர். மாலையில் எழுப்பச் சென்றால் அவர் எழுவதில்லை. அவர் உயிரைக் கவர்ந்தது வெயில் மட்டும் அன்று. அருகிலிருந்தோரின் அறியாமையும் ஆகும். அவர்களுள் ஒருவரேனும் அவர் மார்பைத் தொட்டுப் பார்த்திருந்தால், உடல் நெருப்பாய்க் கொதிப்பதை உணர்ந்திருப்பார்.

உணர்ந்தவர் செய்யவேண்டியன யாவை? ஒருவர் உடனே 108 என்னும் எண்ணுக்குப் பேசி ஆம்புலன்சை அழைக்கவேண்டும். அது வரும்வரை மற்றவர்கள் வாளாவிருத்தல் கூடாது. நோயுற்றவரை நிழலுக்குக் கொணர்ந்து, மேலாடைகளை நீக்கி, உடல் முழுதும் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றி, இடைவிடாது விசிறவேண்டும். தொட்டியும் போதிய ஆட்களும் இருப்பின், தலையையும் தோள்களையும் உறுதியாகத் தாங்கிக்கொண்டு, கழுத்துவரை குளிர்நீரில் அமிழ்த்துதல் மிகச் சிறந்தது. பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். முதல் அரைமணி நேரத்திற்குள் உடலைக் குளிர்வித்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

செய்யத் தகாதனவும் உள. நினைவு தடுமாறியவர் வாயில் நீரோ மோரோ ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணித்தலும் வீண். நினைவிழந்தும் மூச்சு ஒழுங்காக இருப்பின் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கவேண்டும். மூச்சு நின்றுவிடின், பயின்றவர்கள் உடனே மார்பை அழுத்தி உயிர்ப்பூட்ட முயலவேண்டும்.

வந்தபின் காப்பதினும் வருமுன் காப்பது நன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. வழக்கத்தினும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அத்துயரிலிருந்து பாடம் கற்ற அந்நகரம், 2013ஆம் ஆண்டில் மக்களை முன்கூட்டியே எச்சரிக்கும் வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வெயிற்காலத்தில் தாகம் எடுக்குமுன்னரே நீர் பருகவேண்டும். நீராகாரமும் மோரும் இளநீரும் நுங்கும் நல்லன. நண்பகல் 12 மணிமுதல் 3 மணிவரை கடும் உழைப்பையும் ஓட்டப் பயிற்சியையும் தவிர்க்கவேண்டும். வெயிலுக்குப் புதியவர் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், இரண்டு வாரத்திற்குள் உடல் பழகிவிடும். முதியோர், குழந்தைகள், கருவுற்ற மகளிர் ஆகியோரை அடிக்கடி சென்று காண்பது அண்டை வீட்டார் கடமை.

வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்து உதவுவது நம் நாட்டின் பழைய அறம். வெயிலில் வீழ்ந்தவரைக் கண்டு ஒதுங்கிச் செல்லாமல், தொட்டுப் பார்த்து, ஒரு குடம் தண்ணீரை அவர் உடல்மேல் ஊற்றும் அறிவும் அவ்வறத்தின்பாற்பட்டதே ஆகும்.