மசாமேயில் இறங்குங்கள், பெதாரியூவில் ரயிலேறுங்கள்

துலூஸிலிருந்து வரும் ரயிலில் மசாமேயில் இறங்குங்கள். அங்கிருந்து சைக்கிளில் கிழக்கே போய்ப் பெதாரியூவில் ரயிலேறுங்கள். எதிர்த்திசையில் வேண்டாம். தென் பிரான்சின் ஓ-லாங்டொக் மலைப்பகுதிக்குப் போக யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த ஊரில் தங்குவது, என்ன பார்ப்பது என்பதெல்லாம் அப்புறம்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பாதை போட்டார்கள். ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் மட்டுமான பாதையாக மாற்றியிருக்கிறார்கள். பாசா பாயிஸ் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நீராவி இஞ்சினுக்காகப் போட்ட பாதை என்பதால் எங்கேயும் செங்குத்தாக ஏறாது. மலை நடுவே போனாலும் மூச்சு வாங்காது. மசாமேயிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, லபாஸ்தீத்-ருவேரு ஊரைத் தாண்டியதும் சுமார் முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். மறுபக்கம் வெளியே வந்தால் நீண்ட இறக்கம்தான். மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் அது முதுகில் கைவைத்துத் தள்ளும். எதிர்த்திசையில் வந்தவர்கள் அதே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருவதை வழியில் பார்ப்பீர்கள்.

அந்தச் சுரங்கம் இருக்கும் மலைமுகடு ஒரு நீர்ப்பிரிவு. மேற்கே பெய்கிற மழை அட்லாண்டிக் பெருங்கடலுக்கும், கிழக்கே பெய்கிற மழை மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. மேற்கே பீச் மரமும் பாசியும் ஈர நிழலுமாக இருந்த பாதை, கிழக்கே போகப் போகச் செஸ்ட்நட் தோப்பு, செர்ரித் தோட்டம், திராட்சைக் கொடி, ஆலிவ் என்று மாறிவிடும். இரண்டு தட்பவெப்பத்தையும் ஒரே நாளில் கடக்கலாம். சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும். மேல்சட்டையைப் பையின் அடியில் போட்டுவிடாமல் எட்டுகிற இடத்தில் வையுங்கள். உள்ளே விளக்கு இருக்கிறது என்று நம்பிப் போகாமல் சைக்கிளில் நல்ல விளக்கு வைத்துக்கொள்வதே சரி.

பாதை பெரும்பாலும் இறுக்கிய சன்ன ஜல்லிதான், தார் அல்ல. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் இதற்கு ஆகாது; 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் வேண்டும். மாற்று ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், சின்னப் பம்ப் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பஞ்சர் கடையை நம்புகிற ஊர் இல்லை இது. வாடகைச் சைக்கிள் கிடைக்கும், ஆனால் முன்பதிவு செய்யுங்கள். எடுத்த ஊரிலேயே திருப்பித்தர வேண்டுமா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். அப்படித்தான் என்றால் மசாமேயை மறந்துவிட்டு, வழியிலுள்ள ஒலார்க் ஊரில் தங்கி, ஒருநாள் மேற்கே, ஒருநாள் கிழக்கே என்று போய்த் திரும்புங்கள். மின்சாரச் சைக்கிள் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பாதைக்கு மட்டுமானால் தேவையே இல்லை. பாதையை விட்டு மேலேயுள்ள கிராமங்களுக்கு ஏற நினைத்தால் கட்டாயம் எடுங்கள். அங்கே போகிற சாலைகள் ரயில் பொறியாளர் போட்டவை அல்ல. பிரான்சில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள். ஊருக்கு வெளியே இருட்டில் சைக்கிள் ஓட்டினால் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

நாட்கணக்கைப் பற்றி. நல்ல ஓட்டக்காரர்கள் 80 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிப்பார்கள். முடித்து என்ன பயன்? முதல் இரவு சென்-பொன்ஸ், அடுத்து ஒலார்க்கிலோ மோன்ஸிலோ இரண்டு மூன்று இரவுகள், பிறகு பெதாரியூ. இதுவே குறைந்தபட்சம்.

புறப்படுவதற்கு முன் மசாமேயில் அரைநாள் ஒதுக்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அர்ஜென்டினா போன்ற தூர தேசங்களிலிருந்து ஆட்டுத்தோலைக் கப்பல் கப்பலாக இறக்கி, அதிலிருந்து கம்பளி பிரித்து உலகத்துக்கே விற்ற ஊர் இது. ஊருக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓபூல் கிராமத்தை 1212இல் படைத்தலைவன் சிமோன் தெ மோன்ஃபோரின் சிலுவைப்படை முற்றுகையிட்டுப் பிடித்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே 140 மீட்டர் நீளத்தில், 70 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்கு நடைபாலம் 2018இல் போட்டிருக்கிறார்கள், கட்டணம் இல்லை. காலடியில் கம்பி வலை, அதன் வழியே கீழே மரத்தின் உச்சி தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாலத்தைத் தவிர்த்து, ஏறிய பாதையிலேயே திரும்பி வாருங்கள்.

சென்-பொன்ஸில் பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. 1318 முதல் பிரெஞ்சுப் புரட்சி வரை இவ்வூர் ஆயர் பீடமாக இருந்தது. ழோர் ஆறு ஊருக்குள்ளேயே பாறையடியிலிருந்து ஊற்றாகப் புறப்படுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். இனி ஒலார்க் வரை அந்த ஆறுதான் உங்களோடு வரும்.

ஒலார்க்கில் அவசரப்படாதீர்கள். பிரான்சின் மிக அழகான கிராமங்கள் என்ற சங்கப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் போய்விடுகிறார்கள். சாத்தான் பாலம் என்று பெயர் பெற்ற அந்த இடைக்காலக் கற்பாலம் நடுவே கூன் விழுந்ததுபோல் உயர்ந்திருக்கும். மழை நாளில் அதன் கல் பாவிய தளம் வழுக்கும், சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பாலத்தின் உச்சியில் நின்று பார்த்தால் குன்றின்மேல் ஒரு கோபுரம் தெரியும். அது கோட்டையின் காவல் கோபுரமாக இருந்து, கோட்டை அழிந்த பிறகு மணிக்கூண்டானது. அங்கே ஏறத் தெருவழியே போகாமல், வீடுகளுக்கு அடியில் கூரைபோட்ட படிக்கட்டு ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தச் சந்துகளில் உங்களையும் பூனைகளையும் தவிர ஆள் இருக்காது. ஊரில் தங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைப்பது இது.

நடைக்கு வருவோம். பழக்கமில்லாதவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் மோன்ஸ் அருகே உள்ள எரிக் மலையிடுக்கில் தொடங்குங்கள். கார் போக முடியாத, சிமென்ட் போட்ட பாதை ஓடையை ஒட்டியே சுமார் 5 கிலோமீட்டர் ஏறி எரிக் என்ற சின்னக் குடியிருப்பில் முடிகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிய மடுக்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். பத்தரை மணிக்கு மேல் அது நடைபாதை அல்ல, திருவிழாக் கூட்டம். தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும்; வெயிலில் நடந்து வந்த சூட்டோடு குதித்துவிடாதீர்கள். பாறை வழுக்கும், மேலிருந்து குதித்துக் காட்டுகிற இளைஞர்களைப் பார்த்து யாரும் முயல வேண்டாம்.

கால் பழகியவர்களுக்கு மேலே கரூ மலை இருக்கிறது. உயரம் 1,091 மீட்டர். தூஷ் என்ற குடியிருப்பிலிருந்து ஏறினால் ஏற்றத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். உச்சி கூம்பாக இராது. புதர் படர்ந்த அகலமான மேட்டுநிலம், அதன் விளிம்பில் திடீரென்று தரை முடிந்து பள்ளத்தாக்கு விழும். 1956இல் இங்கே கொண்டுவந்து விட்ட முஃப்லோன் என்ற காட்டு ஆடுகள் பெருகியிருக்கின்றன. விடிந்ததும் ஏறுகிறவர்கள் பார்க்கிறார்கள், பத்து மணிக்கு ஏறுகிறவர்கள் புழுக்கையைப் பார்க்கிறார்கள்.

பாதைக் குறிகளைப் பழகிக்கொள்ளுங்கள். மரத்திலும் கல்லிலும் மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு என்றால் நெடுந்தூரப் பாதை. மஞ்சள் கோடு மட்டும் என்றால் உள்ளூர்ச் சுற்றுப்பாதை. இரண்டு கோடும் பெருக்கல் குறிபோல் குறுக்கே போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொருள். கால்மணி நேரம் நடந்தும் குறி ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால் முன்னால் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த குறிவரை திரும்பி வாருங்கள். மலையிடுக்குகளில் செல்போன் சிக்னல் அறுந்துபோகும். ஐ.ஜி.என். நிறுவனத்தின் 25,000த்தில் ஒரு பங்கு அளவுள்ள நீல அட்டை வரைபடத்தை வாங்கிவிடுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அவசர அழைப்புக்கு 112.

எப்போது போவது? மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை என்பது என் முதல் தேர்வு. பகல் நீளம், ஓடைகளில் தண்ணீர், சாலையோரத்தில் செர்ரிப் பழம். ஆகஸ்டு வேண்டவே வேண்டாம். வெயில் ஒருபுறம், காட்டுத்தீ அபாயத்தால் காட்டுப் பாதைகளை மூடிவிடும் அறிவிப்பு மறுபுறம். செப்டம்பரும் அக்டோபரும் அழகுதான், செஸ்ட்நட் உதிரும் காலம். ஆனால் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலையில் மோதி, சில மணி நேரத்தில் ஒரு மாத மழையைக் கொட்டிவிடும் பருவமும் அதுவே. 2014 செப்டம்பரில் லமலூ-லெ-பேன் ஊரில் ஆற்றோரக் கூடார முகாமை அப்படி ஒரு வெள்ளம் அடித்து, உயிர்கள் போயின. மெத்தியோ-பிரான்சு வானிலை நிலையம் ஆரஞ்சு எச்சரிக்கை போட்டால் ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்காதீர்கள், மலையிடுக்குக்குள் நுழையாதீர்கள், தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தைக் கடக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டையும் நடக்கும். வேட்டை நடப்பதாக வழியில் பலகை வைத்திருந்தால் வேறு பாதையில் போங்கள். எப்படியும் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

சாப்பாடுதான் நம்மவர்களுக்குப் பெரிய கவலை. மதியம் உணவகங்கள் பன்னிரண்டுக்குத் திறந்து ஒன்றரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும். கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் ஊரே மூடிக்கிடக்கும். சைவர்கள் விடுதிக்கு முன்கூட்டியே எழுதி, இறைச்சி, மீன், பன்றித்துண்டு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சாலட் என்று கேட்டாலே மேலே பன்றித்துண்டு தூவித் தருகிற நாடு அது. சமையலறையுள்ள தங்குமிடம் எடுத்தால் பாதிக் கவலை தீரும். ஒரு பொட்டலம் ரசப்பொடி பையில் எடையே தெரியாது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் அவமதித்ததாக நினைப்பார்கள். ஊர்க் குழாயில் குடிக்கத் தகாத தண்ணீர் என்றால் பிரெஞ்சில் 'நோன் பொத்தாப்ள்' என்று பலகை இருக்கும், கவனியுங்கள்.

மினேர்வ் ஊரையும் சேர்க்கலாமா என்று வரலாற்றுப் பிரியர்கள் கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் தனி நாளாக. சென்-பொன்ஸிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர், கணவாய் ஏறி இறங்கும் சாலை. 1210இல் கத்தார் என்ற சமயப் பிரிவினர் தஞ்சம் புகுந்த இந்த ஊரை அதே மோன்ஃபோர் வாரக்கணக்கில் முற்றுகையிட்டான். கல்லெறியும் பொறியால் ஊரின் கிணற்றுக்குப் போகும் வழியை உடைத்த பிறகே ஊர் பணிந்தது. நம்பிக்கையை விட மறுத்த சுமார் 140 பேரைத் தீயிலிட்டார்கள். கோட்டையில் இன்று மிச்சம் ஒற்றைத் தூண்போல் நிற்கும் கோபுரத் துண்டுதான். ஊருக்குக் கீழே செஸ் ஆறு பாறையைக் குடைந்து இயற்கையாகவே பாலம் செய்திருக்கிறது. கோடையில் ஆறு வற்றியதும் அதற்குள் நடந்தே போகலாம், விளக்கோடு. மழை பெய்த மறுநாள் உள்ளே போகாதீர்கள்.

பாரிசிலிருந்து ஆண்டுதோறும் லூர்து மாதா திருத்தலத்துக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும் வழியில் துலூஸில் இறங்கி மசாமே ரயில் பிடித்தால் இந்த மலைக்கு வந்துவிடலாம். யாத்திரை ஆகஸ்டில் என்றால் அதோடு சேர்க்காமல் வேறு மாதத்தில் வையுங்கள்.

கடைசி நாளை எப்படியாவது திங்கட்கிழமையாக அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் கடை அடைத்திருக்கும் அன்று பெதாரியூவில் காலைச் சந்தை கூடும். அங்கிருந்து பெசியே நகரத்துக்கு ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நேரத்தை முந்தின இரவே பார்த்துக் குறித்துக்கொண்டு, ஆட்டுப்பால் சீஸும் பழமும் வாங்கிக்கொண்டு, புறப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே சைக்கிளோடு நடைமேடையில் இருங்கள். பெட்டியில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் சிலதான் இருக்கும். முதலில் ஏறியவருக்கே இடம்.